பாதி வாசித்த கற்கள்

2010இல் வேலைக்காக பிலிப்பைன்ஸ் போனேன். மணிலாவுக்கு வடமேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் கிளார்க், ஒரு காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பெரிய தளம். இப்போது தொழிற்பேட்டை. அங்கே ஒரு செமிகண்டக்டர் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை. தங்கியது ஆஞ்சலஸ் நகரத்தில், பாலிபாகோ பக்கம். தினமும் காலையில் கம்பெனி வேன் பழைய தளத்தின் மெயின் கேட் வழியாக உள்ளே போகும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாகத் தெரியும். முதல் இரண்டு மாதம் அவற்றை எல்லைக் கற்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு குட்டை. முழங்காலுக்குக்கூட வராது.

ஒரு சனிக்கிழமை லீவில் நடந்துபோய்ப் பார்த்தேன். கல்லறைக் கற்கள். கிட்டே போய்க் குனிந்தால் பெயர் தெரிகிறது, அதற்குக் கீழே ஒரு வரி தெரிகிறது, அதற்குக் கீழே மண். சில கற்களில் ஒரு வரி பாதியில் அறுந்து மண்ணுக்குள் போயிருந்தது. களை பிடுங்கிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து எழுந்து வந்தார். "ஏன் குயா, எல்லாக் கல்லும் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?" என்று கேட்டேன். அந்த ஊரில் அண்ணனைக் குயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். "கல் சின்னதில்லை சார். தரை ஏறிவிட்டது. இது பினாதுபோ."

பினாதுபோ எரிமலை கிளார்க்குக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. ஏறத்தாழ 500 ஆண்டு அமைதியாக இருந்த மலை அது. 1991 ஜூன் 15 அன்று வெடித்தது. 20ஆம் நூற்றாண்டில் நடந்த இரண்டாவது பெரிய வெடிப்பு என்று அதைச் சொல்வார்கள். அதே நாளில் புயலும் வந்ததால் சாம்பல் மழையோடு சேர்ந்து ஈரச் சிமெண்டு மாதிரி விழுந்தது. அதன் கனம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. தளத்திலிருந்த சுமார் 15,000 பேரை ஐந்து நாள் முன்னதாகவே, ஜூன் 10 அன்று, சூபிக் கடற்படைத் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உயிரோடிருந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் மேல் ஓர் அடிக்குச் சாம்பல் படிந்தது.

அமெரிக்க அரசு தன் வீரர்களுக்குத் தரும் பளிங்குக் கல் 42 அங்குல நீளம், 13 அங்குல அகலம், 4 அங்குல கனம். எடை நூறு கிலோவுக்கு மேல். அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தரைக்கு மேலே நிற்கும். அதிலும் ஓர் அடி போய்விட்டால் என்ன மிஞ்சும்? பெயர் மட்டும்தான்.

சாம்பல் விழுந்தது 1991இல். நான் பார்த்தது 2010இல். இடையில் 19 வருஷம். உலகத்திலேயே வலிமையான ராணுவம், பணத்துக்குக் குறைவில்லாத நாடு, இறந்த வீரரின் ஓர் எலும்பைத் தேடிப் பல கடல் தாண்டி ஆள் அனுப்புகிற நாடு. அந்த நாடு தன் 8,600 கல்லறைகளை எப்படி இப்படி விட்டது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விடை தெரிந்தபோது என் தொழில் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பொறுப்பாளர் பெயர், கடைசியாகப் பராமரித்த தேதி, அடுத்த தேதி. பொறுப்பாளர் வேறு பிரிவுக்கு மாறினால் அன்றைக்கே புதுப்பெயர் எழுதியாக வேண்டும். ஒருநாள் பெயர் இல்லாமல் விட்டால்கூட அந்த இயந்திரம் எல்லார் கண்ணிலிருந்தும் நழுவிவிடும். யாரும் வேண்டுமென்று விடுவதில்லை. எல்லோரும் வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கிளார்க்கில் நடந்தது அதுதான். வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கப் போர்க் கல்லறைகளை 1923இல் தொடங்கிய அமெரிக்கப் போர் நினைவுச் சின்னங்கள் ஆணையம் பார்த்துக்கொள்கிறது. உள்நாட்டுத் தேசியக் கல்லறைகளில் பெரும்பாலானவற்றை முன்னாள் படைவீரர் நலத்துறை பார்க்கிறது. கிளார்க் இந்த இரண்டிலும் சேரவில்லை. அது ஒரு விமானப்படைத் தளத்துக்குள் இருந்த கல்லறைத் தோட்டம், தளத்தின் தோட்ட வேலை, சாலை வேலை மாதிரி அதையும் தளமே கவனித்துவந்தது. 1947இல் போட்ட தள ஒப்பந்தம் 1991 செப்டம்பர் 16 அன்று முடிந்தது. நீட்டிக்க வேண்டாம் என்று பிலிப்பைன்ஸ் செனட் அன்றே 12க்கு 11 என்ற கணக்கில் தீர்மானித்தது. கிளார்க்கை எரிமலை ஏற்கெனவே காலி செய்திருந்தது. நவம்பர் 26 அன்று அமெரிக்கக் கொடி இறங்கியது. தளம் போனது, தளத்தின் பட்டியலில் இருந்த கல்லறைத் தோட்டமும் பட்டியலோடு போனது.

பனாமாவில் இப்படி ஆகவில்லை. கால்வாய்ப் பகுதியைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் 1977இல் கையெழுத்தானபின், அங்கிருந்த கொரோசால் கல்லறைத் தோட்டத்தை அதே ஆணையம் 1982இல் ஏற்றுக்கொண்டது. படை முழுசாக வெளியேறுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஏற்பாடு முடிந்துவிட்டது. மெக்சிகோ நகரத்தில், அந்த நாட்டோடு நடந்த 1847 போரில் இறந்த அடையாளம் தெரியாத 750 பேரின் கல்லறையையும் இந்த ஆணையம்தான் வைத்திருக்கிறது. 160 ஆண்டுக்கு மேலாகியும் அங்கே புல் வெட்டுகிறார்கள். இதையெல்லாம் படித்தபின், 'நன்றி கெட்டவர்கள், மறந்துவிட்டார்கள்' என்று யாரையாவது திட்டும் பழக்கத்தை விட்டேன். கைவிடப்பட்ட ஒரு கல்லறையைப் பார்த்தால் நான் இப்போது முதலில் கேட்பது: இது யார் கணக்கில் இருந்தது, அந்தக் கணக்கு எந்தத் தேதியில் மூடப்பட்டது? அந்தத் தேதி கிடைத்துவிட்டால் யாரிடம் போய்ப் பேசவேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மூன்று வருஷம் போல யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்த இடத்தை, 1994இல் ஆஞ்சலஸில் குடியேறியிருந்த ஓய்வுபெற்ற அமெரிக்க வீரர்கள் கையில் எடுத்தார்கள். வெளிநாட்டுப் போர்களில் பணியாற்றியோர் சங்கத்தின் 2485ஆம் கிளை. கைக்காசு, நன்கொடை, உள்ளூர்ப் பணியாளர்கள் சிலர். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களில் பலருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. வியட்நாம் போரில் இருந்தவர்கள். 1973 பிப்ரவரியில் வியட்நாமிலிருந்து விடுதலையான போர்க்கைதிகள் முதலில் வந்திறங்கியது இதே கிளார்க் ஓடுதளத்தில்தான். "நானும் வேலை செய்யலாமா, நான் அமெரிக்கன் இல்லை" என்று தயங்கிக் கேட்டேன். ஒரு பெரியவர் என் கையில் வாளியைக் கொடுத்தார். அதற்குமேல் பேச்சில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை போனேன்.

அங்கே கற்றுக்கொண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பளிங்குக் கல் எங்கிருந்தாலும், உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலும், இது பயன்படும்.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் மாதிரி மெத்தென்று இருக்காது. பொடிப்பொடியான கண்ணாடித் துகள் அது. உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கல் கீறிவிடும். அதனால் முதலில் தண்ணீர், நிறையத் தண்ணீர். கல் நன்றாக நனைந்து, ஒட்டியிருக்கும் துகள் தானாக ஓடியபிறகுதான் பிரஷ். மெத்தென்ற நார் அல்லது நைலான் பிரஷ் மட்டும். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் உலர்ந்த கல்லில் வடிந்து கோடு விழும்.

பளிங்கு என்பது சுண்ணாம்பு வகைக் கல். எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் கழுவும் ஆசிட் எதுவும் அதில் படக்கூடாது. பட்டால் நுரைத்து மேல்தோலை அரித்துவிடும். அன்றைக்குப் பளபளப்பாகத் தெரியும். அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சொரசொரப்பில் பாசி இரண்டு மடங்கு பிடிக்கும், எழுத்தும் சீக்கிரம் மழுங்கும். பிளீச்சிங்கும் வேண்டாம். அதன் உப்பு கல்லுக்குள் இறங்கிக் காலப்போக்கில் கல்லை உதிர்க்கும். கார் கழுவும் அழுத்தத் தண்ணீர்க் குழாயையும் கொண்டுவராதீர்கள். அங்கே கற்களின் அடியில் வரிவரியாகத் தழும்பு பார்த்து, என்ன என்று கேட்டேன். புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறு வருஷக்கணக்காக மோதி ஏற்பட்ட காயம் என்றார்கள். கல்லைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குக் கையால்தான் புல் அறுக்கவேண்டும். முதுகு ஒடியும், வேறு வழியில்லை.

நான் செய்த முதல் தப்பு சாக்பீஸ். மழுங்கிய எழுத்தைப் போட்டோவில் தெளிவாகக் காட்ட, பள்ளத்தில் சாக்பீஸ் தேய்த்தேன். பார்க்க அழகாக வந்தது. ஆனால் அது முழுசாகப் போகவில்லை, ஈரத்தில் ஊறி நுண்துளைகளில் தங்கிவிட்டது. அந்த ஒரு கல் மட்டும் மாதக்கணக்கில் திட்டுத்திட்டாக நின்றது. ஒவ்வொரு தடவை கடந்து போகும்போதும் கண்ணில் குத்தும். பிறகு கற்றுக்கொண்டது: எழுத்தைப் படிக்க வெளிச்சத்தின் கோணம் போதும். காலை வெயிலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து, வெளிச்சம் கல்லின் பக்கவாட்டில் உரசிப் போகிற மாதிரி திருப்பினால், பள்ளமான எழுத்தில் நிழல் விழுந்து எழும்பி வரும். வெயில் இல்லாவிட்டால் ஒரு குடையை விரித்து நிழல் செய்து, பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடிக்கலாம். நார்மண்டியில் இருக்கும் அமெரிக்கக் கல்லறையில் ஒமாஹா கடற்கரை ஈரமணலை எழுத்தில் பூசிப் படம் எடுக்கவைக்கிறார்கள். அது அங்குள்ள ஊழியர்கள் செய்வது. பார்த்துவிட்டு நாமாகச் செய்யக்கூடாது.

சரி, அங்கே படுத்திருப்பவர்கள் யார்? இரண்டாம் உலகப்போரில் சண்டையில் இறந்து இந்த நாட்டிலேயே அடக்கமானவர்கள் பெரும்பாலும் மணிலாவில் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். கிளார்க்குக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் போருக்கு முன்னும் பின்னும் இறந்தவர்கள். 1947க்கும் 1950க்கும் இடையில் ஸ்டாட்சன்பர்க் கோட்டையின் இரண்டு கல்லறைகள், மெக்கின்லி கோட்டை, சாங்லி முனை கடற்படைத் தளம் என நாலு இடங்களிலிருந்து உடலும் கல்லுமாகத் தோண்டி எடுத்துவந்து இங்கே வைத்தார்கள். ஆகவே 1900களில் இறந்தவர் கல் இங்கே நின்றாலும் அவர் முதலில் அடக்கமானது இங்கே இல்லை. தேடுகிறவர்கள் இதை மறந்துவிட்டுப் பழைய கோட்டையின் பெயரைப் பார்த்ததும் 'இது வேறு ஆள்' என்று ஒதுக்கிவிடுவதுண்டு.

1901இல் அமெரிக்க ராணுவத்துக்குள்ளேயே உள்ளூர் ஆட்களை வைத்து உருவாக்கிய பிலிப்பைன் ஸ்கவுட்ஸ் படையினர் இங்கே இருக்கிறார்கள். கடற்படை, மரைன், விமானப்படை ஆட்கள் இருக்கிறார்கள். மனைவிமார், குழந்தைகள் இருக்கிறார்கள். தளத்தில் வாழ்ந்த குடும்பம் என்றால் பிரசவமும் மரணமும் தளத்திலேயே நடக்கும் இல்லையா. அப்புறம், 'அறியப்படாதவர்' என்ற ஒரே சொல்லோடு நிற்கும் கற்கள். வரிசையாக நிற்கும்.

அந்தச் சொல்லுக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1899இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ்-அமெரிக்கப் போரில் 4,200க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் நோயில். மணிலாவில் இறந்தவர்களை அடையாளம் காணும் வேலையைச் செய்த பாதிரியார் சார்லஸ் பியர்ஸ், ஒவ்வொரு வீரரும் பெயர் பொறித்த ஒரு வில்லையைக் கழுத்தில் அணியவேண்டும் என்று பரிந்துரைத்தார். 1906இல் அமெரிக்க ராணுவம் அதை ஏற்றது. முதல் உலகப்போரில் கல்லறைப் பதிவுப் பிரிவுக்கு அவரையே தலைமை ஏற்கவைத்தார்கள். இன்று சிப்பாய் என்றதும் நம் மனசில் வரும் கழுத்து வில்லைக்கு விதை விழுந்தது இந்தத் தீவில்தான். பெயரில்லாத கற்களுக்கு நடுவே புல் பிடுங்கும்போது இதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இனி, நான் செய்த பெரிய தப்பு.

நான் சுத்தம் செய்த கற்களைப் படம் எடுத்து, வம்சாவளி தேடுகிறவர்கள் பார்க்கும் இணையதளம் ஒன்றில் போட ஆரம்பித்திருந்தேன். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மா எழுதினார். தன் தாத்தாவின் தம்பி 1900களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸுக்குச் சிப்பாயாகப் போனவர், வீடு திரும்பவில்லை, நீங்கள் போட்ட படத்திலிருப்பது அவர் பெயர், அவராக இருக்குமா என்று கேட்டார். முதல் பெயருக்கு இனிஷியல், குடும்பப் பெயர், அதற்குக் கீழே மாநிலத்தின் பெயர். மூன்றும் பொருந்தின. மிச்ச வரிகள் சாம்பலுக்குள். நான் ஒரு நாள்கூட யோசிக்காமல் ஆமாம் என்று எழுதினேன்.

அவர் பதில் பக்கம் பக்கமாக வந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். பூ வைக்கமுடியுமா என்று கேட்டிருந்தார். அங்கே தெருமுனையில் சம்பகிதா மாலை விற்பார்கள், நம்ம குண்டுமல்லிதான் அது, பிலிப்பைன்ஸின் தேசியப் பூ. ஒன்று வாங்கிக் கல்லில் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன்.

பிறகுதான் உறுத்தல் வந்தது. இறந்த தேதி என்னவென்று முழுசாகப் பார்த்துவிடலாமே என்று ஒரு சனிக்கிழமை யாரிடமும் கேட்காமல் கல்லின் முன்னால் கையால் சாம்பலைத் தோண்டினேன். அது 1930களில் இறந்தவருடைய கல். வேறு படைப்பிரிவு. வேறு ஆள்.

சங்கத்துப் பெரியவர் தோண்டிய குழியைப் பார்த்துவிட்டு, எனக்கு இன்னொரு பாடம் எடுத்தார். ஒரு கல்லின் முன்னால் மட்டும் தோண்டினால் மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். நூறு கிலோ கல், இளகிய சாம்பல், ஒரே சீசனில் முன்பக்கமாகச் சாயும். முழு வரிசையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முடிந்தால் தொடு, இல்லாவிட்டால் விட்டுவிடு என்றார். குழியை நானே மூடி மிதித்தேன்.

அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுத மூன்று நாள் எடுத்தது. தப்பு என்னுடையது, அவர் உங்கள் ஆள் இல்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். சுற்றி வளைத்தால் அவர் நம்பிக்கையோடு இன்னும் நாலு வரி படிக்கவேண்டியிருக்கும். பிறகு, எனக்கு ஆரம்பத்தில் தெரிந்திருக்கவேண்டியதையெல்லாம் தேடிப்பிடித்து எழுதினேன். அந்தக் காலத்தில் பிலிப்பைன்ஸில் இறந்த வீரர்களில் பெரும்பாலோரைக் கப்பலில் தாயகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், சான்பிரான்சிஸ்கோ தேசியக் கல்லறையில் பலர் இருக்கிறார்கள், அங்கே முதலில் கேளுங்கள். 1912க்கு முன் ராணுவத்தை விட்டவர்களின் ஏடுகள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்குப் பிந்தியவை செயின்ட் லூயிஸில்.

செயின்ட் லூயிஸ் என்றதும் ஒரு விஷயம். 1973 ஜூலை 12 அன்று அங்கே தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் எரிந்துபோயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையை விட்டவர்களின் ஏடுகளில் 80 சதவீதம் போய்விட்டது. 'கோப்பு இல்லை' என்று பதில் வந்தால் பலர் தேடலை அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவேண்டியதில்லை. பட்டாளத்தின் தினசரி வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல் தனியாக இருக்கும். இரண்டாம் உலகப்போரில் இறந்தவர் என்றால் உடலை எங்கே எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள், குடும்பத்துக்கு என்ன எழுதினார்கள் என்று ஆளுக்கொரு தனிக் கோப்பே உண்டு.

அவர் பதில் எழுதவில்லை. இன்றுவரை இல்லை.

அதன்பிறகு எனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு, கல்லில் எல்லா வரியும் தெரியாவிட்டால் படத்தை வெளியே போடுவதில்லை. யாராவது கேட்டு வந்தால், கல்லில் இருப்பதை நான் சொல்வதற்கு முன் அவர்களைச் சொல்லச் சொல்வேன். எந்த மாநிலத்தில் சேர்ந்தார், எந்தப் பிரிவு, எந்த வருஷம் இறந்தார். நாம் முதலில் சொல்லிவிட்டால், ஏக்கத்தில் இருப்பவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார், அது அவர் குற்றமில்லை. பாதி மட்டும் படித்த கற்களுக்கு ஒரு தனி நோட்டு போட்டேன். வரிசை எண், தெரிந்த எழுத்துகள், மீதி இடத்தில் 'பாதி' என்று ஒரு சொல். நோட்டில் 41 கற்கள் சேர்ந்தன.

இடையில் ஒருமுறை மணிலா அமெரிக்கக் கல்லறைக்குப் போனேன். 152 ஏக்கர், வட்டவட்டமாக 17,000 பளிங்குச் சிலுவைகளும் நட்சத்திரங்களும், உடல் கிடைக்காத 36,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர் பொறித்த சுவர்கள். ஒரு புல்கூடத் தப்பி வளரவில்லை. அழகு என்று சொல்லமுடியாமல் நின்றேன். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் அதே நாட்டின் ஆட்கள் சாம்பலுக்குள் இருந்தார்கள்.

அன்று இரவு அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். "அந்தப் பிள்ளைங்களுக்கு யாருடா அங்க விளக்கு வெக்கிறா?" என்று கேட்டாள். நவம்பர் 1ஆம் தேதி பிலிப்பைன்ஸில் ஊரே கல்லறைக்குப் போகும், மெழுகுவத்தி ஏற்றிச் சாப்பாடு வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷம் கிளார்க்கில் களை பிடுங்கும் குயா தன் குடும்பக் கல்லறைக்குப் போய்வந்தபின், மிச்ச மெழுகுவத்திகளைக் கொண்டுவந்து பெயரில்லாத கற்களில் ஏற்றியிருந்தார். அம்மாவிடம் அடுத்த நாள் சொன்னேன்.

எங்கள் வீடு ராமாபுரத்தில். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையை ஆயிரம் தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன், ஒருமுறைகூட இறங்கியதில்லை. அடுத்த லீவில் இறங்கிப் பார்த்தேன். இரண்டாம் உலகப்போரில் இறந்த 856 பேர், ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு பூச்செடி. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் வழக்கப்படி, இறந்தவர் இறந்த நாட்டிலேயே அடக்கம். உடலைத் தாயகம் கொண்டுபோவதில்லை. அமெரிக்கர்கள் அந்த முடிவைக் குடும்பத்திடம் விட்டார்கள், பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் உடலைக் கேட்டு வாங்கிக்கொண்டன. எது சரி என்று என்னால் சொல்லமுடியவில்லை. நந்தம்பாக்கத்தில் தோட்டக்காரர் இருந்தார், அவருக்கு மேலே ஓர் ஆபீஸ் இருந்தது, வருகைப் பதிவேடு இருந்தது. நான் பார்த்தது அதைத்தான்.

கிளார்க்குக்காகச் சங்கத்துக்காரர்கள் வருஷக்கணக்கில் வாஷிங்டனுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் கவனித்த ஒன்றைச் சொல்லவேண்டும். 'எங்கள் வீரர்களை மறக்காதீர்கள்' என்று மட்டும் எழுதவில்லை. அமெரிக்கப் போர் நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பொறுப்பில் இந்த இடத்தைச் சேர்க்கவேண்டும் என்று, பெயர் குறிப்பிட்டுக் கேட்டார்கள். சாம்பலுக்குள் நிற்கும் கற்களின் படங்களைக் காட்டினார்கள். 2013 ஜனவரி 10 அன்று ஒபாமா கையெழுத்திட்ட முன்னாள் வீரர் நலச் சட்டத்தில் கிளார்க்கை அந்த ஆணையம் ஏற்கவேண்டும் என்ற பிரிவு இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. அதன்பின் புல் வெட்டவும் கல் கழுவவும் ஆணையத்தின் ஆட்கள் வந்தார்கள். எங்கள் வாளிக்கு வேலை இல்லாமல் போனது. அப்படி ஆகவேண்டும் என்றுதானே வாளியைத் தூக்கினோம். பொறுப்பான நிர்வாகம் வந்தபிறகு நாமாகக் கல்லில் பிரஷ் வைக்கக்கூடாது. உடைந்த கல்லையோ தப்பான எழுத்தையோ பார்த்தால் வரிசை எண்ணோடு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கலாம், அதற்குப் பதில் வருகிறது.

இன்னொரு தகவலும் பலருக்குத் தெரிவதில்லை. தகுதியுள்ள முன்னாள் அமெரிக்க வீரரின் கல்லறை உலகத்தில் எந்த நாட்டில் இருந்தாலும், கல் இல்லாமல் இருந்தால், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை இலவசமாகக் கல் தரும். எழுத்து அழிந்த அரசுக் கல்லையும் மாற்றித் தரும். பொதுவாகக் குடும்பத்தார் விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் 1917 ஏப்ரல் 6க்கு முன்பே பணி முடிந்தவர் என்றால் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். நூறு வருஷத்துக்கு முந்தியவருக்குக் குடும்பத்தைத் தேடி எங்கே போவது, அதனால் இந்த விதி.

நான் 2014இல் பினாங்குக்கு மாறினேன். நோட்டும் கூடவே வந்தது. 2018இல் ஒரு பயிற்சிக்காகத் திரும்பவும் கிளார்க் போகவேண்டி வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

கற்கள் உயரமாகிவிட்டிருந்தன. எடுத்து, கழுவி, மட்டம் பார்த்துத் திரும்ப நட்டிருந்தார்கள். நான் மண்டியிட்டுப் படித்த கற்களை இப்போது நின்றுகொண்டே படிக்கமுடிந்தது. சாக்பீஸ் பட்ட கல்லைத் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாமே ஒரே வெள்ளை.

நோட்டை எடுத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். முதல் ஆறும் சிப்பாய்கள், வருஷமும் பிரிவும் எழுதிக்கொண்டேன். ஏழாவது, நான் நிறையத் தடவை கழுவிய கல். முழுப்பெயர் மட்டும் தெரிந்துகொண்டிருந்த கல், ஆண் பெயர். நோட்டில் நானாகவே பக்கத்தில் 'சிப்பாய்?' என்று எழுதிவைத்திருந்தேன். பெயருக்குக் கீழே இப்போது இரண்டு தேதிகள் இருந்தன, இரண்டும் ஒரே மாதம். அதற்கும் கீழே, ஒரு சார்ஜெண்டின் மகன் என்று இருந்தது.

விரலில் எண்ணிப்பார்த்தேன். 'சிப்பாய்' என்பதை அடித்துவிட்டு, 'நாலு நாள்' என்று எழுதினேன். நோட்டில் இன்னும் 34 கற்கள் பாக்கி இருந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அடுத்த வரிசைக்குப் போனேன்.